அம்மாவுக்கு நம்பர் வேண்டும்: ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டிக்கொண்ட கதை

தோட்டப்பாளையத்தான்

வேலூர், சுற்றுவட்டார நண்பர்களுக்கு வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் பெரிது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வீட்டில் 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினேன். பழைய டிவி பதினாலு வருஷம் உழைத்தது. கடைசி ஆறு மாதம் எல்லோர் முகமும் பச்சையாகத் தெரிந்தது, அம்மா அதையும் பழகிக்கொண்டார். புது டிவி வந்த ஜோரில் கேபிளையும் நிறுத்திவிட்டேன். வைஃபை இருக்கிறது, ஆப் இருக்கிறது, மாசாமாசம் கேபிளுக்கு வேறு எதற்குத் தண்டம் என்று கணக்குப் போட்டேன்.

அம்மாவுக்கு வயது 71. சேனல் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும். எட்டு மணிக்கு ஒரு நம்பர், எட்டரைக்கு ஒரு நம்பர், வெள்ளிக்கிழமை காலையில் கோயில் காட்டுகிற நம்பர். லைட்டைப் போடாமலே இருட்டில் அழுத்துவார். புது ரிமோட்டில் நம்பரே கிடையாது. மொத்தம் பதினைந்து பட்டன் இருந்தால் அதிகம், அதிலும் நாலு பட்டனில் ஆப் கம்பெனிகளின் பெயர். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு ரெண்டெல்லாம் எங்கடா?" என்றார்.

வாயால் சொன்னாலே போதும் என்று மைக் பட்டனைக் காட்டிக்கொடுத்தேன். அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனில் பேசுகிற மாதிரி "ஹலோ" என்றார். ஹலோ என்று ஆரம்பிக்கிற பாட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

இப்போது நான் போட்டுக்கொடுத்தால்தான் டிவி. நான் வேலைக்குப் போய்விட்டால் அது சுவரில் கறுப்பாகத் தொங்குகிறது. அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிட வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

நம்பர் வைத்த ரிமோட் சாரதி மாளிகை பக்கம் கிடைக்குமா? வாங்கினால் இந்த டிவிக்கு வேலை செய்யுமா? அவ்வளவுதான் கேள்வி.

பாலாத்து மணல்

கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணி இல்லை என்று நம் ஊரைச் சொல்வார்கள். ரிமோட் உண்டு நம்பர் இல்லை என்பதையும் அதில் சேர்த்துவிடலாம்.

காட்பாடி ஜங்ஷன்

மணல், பட்டியல் பழசாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். தண்ணியும் 2021 நவம்பரில் வந்தது, கரையோரம் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வெள்ள வீடியோதான் இப்போது லேசாகத் தூறினாலே "சற்று முன் பாலாற்றில்" என்று எங்கள் குடும்ப குரூப்பில் வருகிறது. போன வாரம்கூட வந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் மண்டையைப் பிளக்கிற வெயில்.

சோல்டரிங் அயர்ன்

தோட்டப்பாளையம் அண்ணா, நான் டிவி சர்வீஸ் செய்கிறவன். நம்பர் வைத்த ரிமோட் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும், சவுண்டு, பவர் எல்லாம் வேலையும் செய்யும். ஆனால் நம்பரை அழுத்தினால் டிவி எதை மாற்றும்? உள்ளே சேனலே இல்லையே. ஆப்புக்கு எட்டாம் நம்பரும் தெரியாது, ஒன்பதாம் நம்பரும் தெரியாது. நம்பர் கேபிள் பாக்ஸில் இருந்த சமாச்சாரம், அதைத்தான் நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த நாலு ஆப் பட்டன் எதற்கு என்று கடையில் தினம் யாராவது கேட்கிறார்கள். ரிமோட்டில் தன் பெயர் இருப்பதற்கு ஆப் கம்பெனி டிவி கம்பெனிக்குக் காசு கொடுக்கும். ஒண்ணு ரெண்டு மூணுக்கு யார் காசு கொடுப்பார்?

முன்னாள் கேபிள்காரன்

குடியாத்தத்தில் 1994-லிருந்து 2019 வரை கேபிள் நடத்தியவன். இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

தோட்டப்பாளையம் தம்பி, அம்மா மனப்பாடம் செய்து வைத்திருக்கிற மாதிரி நம்பரை எங்கள் காலத்தில் என்னைப் போல ஒருத்தன்தான் உட்கார்ந்து வைத்தான். பன்னிரண்டு அடி டிஷ் மாடியில் இருக்கும். ஒவ்வொரு சேனலுக்கும் தனி ரிசீவர், அதை வயரில் தனி நம்பரில் ஏற்றுகிற மாடுலேட்டர் தனி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வயரில் தெருவுக்கு அனுப்ப வேண்டும், கம்பத்துக்குக் கம்பம் ஆம்ப்ளிஃபையர். கடைசி வீட்டுக்குப் போகும்போது படம் புள்ளி புள்ளியாகிவிடும். அந்த வீட்டுக்காரர்தான் மாசாமாசம் பணம் கொடுக்காமல் சண்டை போடுவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் ஆரம்பித்தபோது நாள் முழுக்கக் கிடையாது, சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். நான் தொழிலுக்கு வந்தபோது பாதி வீடுகளில் டயனோராவும் சாலிடேரும், திருகுகிற குமிழ் வைத்தது, பன்னிரண்டு சேனல்தான் பிடிக்கும். அதனால் அந்தப் பன்னிரண்டுக்குள் இடம் பிடிப்பதுதான் எல்லா சேனலுக்கும் ஆசை. பிற்பாடு அதற்கென்றே சேனல்கள் பணம் கட்ட ஆரம்பித்தன. பணம் பெரிய நெட்வொர்க்காரர்களுக்குப் போனது, எங்களுக்கு டைரியும் காலண்டரும் வந்தன. சோல்டரிங் சொன்ன ஆப் பட்டன் கதை எனக்குப் புதுசாகவே இல்லை.

2006-க்கு அப்புறம் இலவசக் கலர் டிவி வந்தது, 14 இன்ச். எங்கள் நெசவுத் தெருக்களில் ஒரே மாதத்தில் எனக்கு இணைப்பு இரட்டிப்பானது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, அதில் 20 அரசுக்கு, 50 ஆபரேட்டருக்கு. 2017-ல் செட்டாப் பாக்ஸ். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராயின் புது விதி: நூறு சேனலுக்கு 130, பதினெட்டு சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனி. நாலு பக்க பாரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "எது வேணும்னு டிக் போடுங்க" என்றால், "நீயே போட்டுக்க, நேத்து வந்ததெல்லாம் நாளைக்கும் வரணும்" என்றார்கள். எனக்கே தலை சுற்றியது. அந்த வருஷமே தொழிலைத் தங்கைமகனிடம் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் லோக்கல் சேனலில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைக் காலையிலிருந்து நேரடியாகக் காட்டுவோம். அன்றைக்கு மட்டும் கரண்ட் போகக்கூடாது என்று நானே அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கிற கிழவிகள் டிவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். மற்ற நாளில் கீழே ஓடுகிற எழுத்தில் துக்கச் செய்தி, காணாமல் போன ஆடு, காதுகுத்து வாழ்த்து. ராத்திரி பத்து மணிக்கு லேண்ட்லைனில் கூப்பிட்டு, "இன்னாபா படம் இது, வேற போடு" என்பார்கள். போடுவேன். புதுப்படம்கூடப் போட்டிருக்கிறேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஹாஸ்டல் கஞ்சி

கேபிள்காரர் அண்ணா, உங்கள் பதிவை மெஸ்ஸில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "லேண்ட்லைன்ல போன் பண்ணா படம் மாத்துவாங்களா? அப்ப அதுதான் முதல் ஓடிடி" என்கிறான் ஒருத்தன்.

ஆனால் ஒரு விஷயத்தில் கேபிள்தான் ராஜா. ஐபிஎல் அன்றைக்கு நாங்கள் ஆப்பில் பார்க்கிறோம். ஹாஸ்டலுக்குப் பின்னாலிருக்கிற வீட்டில் கேபிள். பவுலர் எங்களுக்கு ஓடி வரும்போதே அந்த வீட்டில் "போச்சு!" என்று கத்திவிடுகிறார்கள். அடுத்த அரை நிமிஷம் நாங்கள் துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி விக்கெட்டுக்குக் காத்திருக்கிறோம்.

சோல்டரிங் அயர்ன்

அது அப்படித்தான் இருக்கும் தம்பி. ஆப் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. நடுவில் நெட் திக்கினால் நிற்கக்கூடாது என்று கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். கேபிளில் அந்தச் சேமிப்பு கிடையாது, வந்தது வந்தபடி போகும். பின் வீட்டுக்காரருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.

ஆம்பூர் மருமகள்

எல்லோரும் கேபிள் காலத்தை நினைத்து உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேபிள் காலத்தில் ரிமோட் யார் கையில் இருந்தது? எங்கள் புகுந்த வீட்டில் மாமனார் கையில். செய்தி, அப்புறம் விவாதம், ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவது, அது முடிந்தால் கிரிக்கெட். மாமியாருக்கு வீட்டில் பேசுவது உருது. முப்பது வருஷம் அந்த அம்மா தனக்குப் பாதி புரியாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். இப்போது அவர் கையில் ஒரு போன். உருதுவில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு கேட்கிறார், தையல் வீடியோ பார்க்கிறார், அக்கா மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறார். போனை மூக்குக்கு அருகில்தான் பிடிக்கிறார், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவருடைய போன்.

இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். ஹைதராபாத் சமையல் வீடியோக்களை ஓயாமல் பார்த்து, போன பக்ரீத்துக்கு பிரியாணியில் வறுத்த வெங்காயத்தை அள்ளிக் கொட்டிவிட்டார். சீரக சம்பாவும் கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியுமாக இருந்த வீட்டில் பெரிய கலவரம். வாரா வாரம் யாராவது ஒரு பையன் கேமராவோடு ஊருக்கு வந்து, அண்டா மூடியைத் திறக்கும்போது வாயைப் பிளந்து, 'ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி' என்று வீடியோ போடுகிறான். ஒரிஜினல் ஆம்பூர் வீட்டுக்குள்ளேயே ஹைதராபாத் வந்துவிட்டது அவனுக்குத் தெரியாது.

தோட்டப்பாளையத்தான்

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி யோசித்தேன். எங்கள் வீட்டில் ரிமோட் அம்மா கையில்தான் இருந்தது, அதனால் எனக்கு இது தோன்றவே இல்லை.

நேற்று அம்மாவிடம் கேட்டேன், ஆப்பில் அதே சீரியல் இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து பார்க்கலாமே என்று. "முதல்லேர்ந்து யாருக்கு வேணும்? ஓடிக்கினு இருக்கும், நடுவுல போய் உக்காருவேன். எதிர் வீட்டுலயும் அதே ஓடிக்கினு இருக்கும். நாளைக்குக் கோலம் போடும்போது பேச ஆவும்" என்றார். ஆப்பில் அவர் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதுதான் அவருக்கு வேலையாக இருக்கிறது போல.

பாலாத்து மணல்

அம்மா சொன்னதில் பாதி எனக்கும் பொருந்தும். இரவு சாப்பாட்டோடு உட்கார்ந்து எதைப் பார்க்கலாம் என்று தேடித் தேடி, சாப்பாடு முடிந்து கை காய்ந்துவிடும். படம் ஆரம்பித்திருக்காது.

ஆனாலும் கேபிள்காரரைக் கொஞ்சம் தரையில் இறக்க வேண்டும். தெருவுக்கு ஒருத்தர்தான், போட்டி கிடையாது. கேள்வி கேட்டால் வயரை வெட்டுவார். எங்கள் ஏரியாவில் அப்படி வெட்டுப்பட்டவன் நான்.

முன்னாள் கேபிள்காரன்

வெட்டியிருப்பார்கள். நானும் இரண்டு பேருக்கு வெட்டியிருக்கிறேன். ஒருத்தர் எட்டு மாசப் பாக்கி. இன்னொருத்தர் என் மச்சான், அது வேறு கதை.

காட்பாடி ஜங்ஷன்

மணல், வயரை வெட்டினாலும் வெட்டியது யார் என்று தெரியும், வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம். போனில் வருவதற்கு அப்படி ஒரு வீடு உண்டா? 2018-ஐ மறந்துவிட்டீர்களா?

அப்போது எனக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிற வேலை. காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்களில் யார் தங்குவார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம். அந்த ஏப்ரல், மே மாதம் வேலூர், திருவண்ணாமலை பக்கம் 'வடநாட்டுக்காரர்கள் குழந்தை கடத்த வந்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி பறந்தது. இந்தி பேசுகிறவர்கள் எல்லாம் கடத்தல்காரர்கள் என்றால் எங்கள் லாட்ஜ் முழுக்கக் கடத்தல்காரர்கள்தான்! அறுவை சிகிச்சைக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரு அப்பா எங்களிடம், "வெளியே போகலாமா?" என்று கேட்டார். சொந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு.

மே 9-ஆம் தேதி போளூர் பக்கம் அத்திமூரில் அந்த அநியாயம் நடந்தது. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள். அவர் தமிழ்தான் பேசினார்.

அந்தச் சமயம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையில் எழுதியதைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். யார் வெட்டினார்கள்? எந்த வீட்டுக்குப் போய்க் கேட்பது? ஜூலையில் வாட்ஸ்அப் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வைத்தது. ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் எத்தனை என்று என் மகன் மூன்றாம் வகுப்பிலேயே கணக்குப் போடுவான்.

முன்னாள் கேபிள்காரன்

அந்த வாரம் எங்கள் லோக்கல் சேனலில் 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று மூன்று நாள் ஓட்டினோம். யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடமே வந்து அந்த வீடியோவைக் காட்டி, "இதை ஏன் நீ போடல, மறைக்கிறியா?" என்று கேட்டார். இருபது வருஷம் என்னை நம்பின ஆள்.

ஆம்பூர் மருமகள்

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. எங்கள் தெருவிலும் அந்த நாட்களில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. எனக்கும் அந்தக் குரல் செய்தி வந்தது. நான் அனுப்பவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. இரண்டு தடவை கேட்டேன்.

ஹாஸ்டல் கஞ்சி

ரிமோட் என்ன ஆச்சு?

சோல்டரிங் அயர்ன்

நல்லவேளை ஒருத்தராவது ஞாபகம் வைத்திருக்கிறார்!

அண்ணா, ஆட்களைக் கூப்பிடாமல் நீங்களே செய்யலாம். கேபிள் இணைப்பைத் திரும்ப வாங்குங்கள். பாக்ஸை எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். டிவி செட்டிங்ஸில் பவர் சம்பந்தப்பட்ட இடத்தில், ஆன் செய்ததும் எது வர வேண்டும் என்று கேட்கும். பல ஆண்ட்ராய்டு டிவிகளில் இருக்கிறது, பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில் கடைசியாகப் பார்த்த இன்புட் அல்லது எச்டிஎம்ஐ என்று வையுங்கள். ஆப் கடையெல்லாம் விரிகிற அந்த முகப்புப் பக்கம் அம்மா கண்ணில் படவே படாது.

அடுத்தது ரிமோட். பாக்ஸ் ரிமோட்டில் மேலே டிவிக்கென்று தனியாக நாலைந்து பட்டன் இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். அதற்கு டிவி ரிமோட்டின் பவரையும் சவுண்டையும் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, இதில் செட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் பவரை அழுத்த வேண்டும். லைட் மினுக்கினால் படித்துவிட்டது என்று அர்த்தம். மைக் இருக்கிற ரிமோட் ப்ளூடூத்தில் ஓடினாலும் பவர் பட்டன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஓடுகிற பழைய ஐஆர்தான், அதனால் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் இங்கே எழுதுங்கள்.

தோட்டப்பாளையத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கேபிள் திரும்ப வந்துவிட்டது. பழைய ஆபரேட்டர் தொழிலை விட்டுவிட்டாராம், இது வேறு நெட்வொர்க். செட்டிங் சோல்டரிங் சொன்ன இடத்திலேயே இருந்தது. ரிமோட்டுக்கு மூக்கோடு மூக்கு வைத்துப் பாடம் எடுத்தேன், மூன்றாவது தடவைதான் படித்தது. ஒரே ரிமோட், நம்பரோடு. வெற்றி என்று அம்மா கையில் கொடுத்தேன். எட்டு மணிக்கு அவருடைய நம்பரை அழுத்தினார். ஏதோ போஜ்புரி பாட்டு வந்தது.

நெட்வொர்க் மாறினால் நம்பரும் மாறும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பழைய நம்பர் ஒன்றுகூட உதவவில்லை. இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "அப்பப்ப மாத்துவானுங்கடா, 2019-லயும் மாத்துனானுங்க" என்று சொல்லிவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். நாலாம் நாள் தாளைக் காணோம். கேட்டால், "அது எதுக்கு இன்னும்?"

போனை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். சீரியலில் விளம்பரம் வரும்போது ஒரு நிமிட வீடியோ ஓடுகிறது. இப்போது இரண்டும் ஓடுகிறது.

இன்னொன்று, புது ஆபரேட்டர் மாசப் பணத்துக்கு யாரையும் அனுப்புவதில்லையாம், க்யூஆர் ஸ்டிக்கரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் போட்டுவிடுகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. ஆபரேட்டருக்கே போன் போட்டு, "பையனை அனுப்பு, கையிலதான் குடுப்பேன், படம் சரியா வரலைன்னா யாரைக் கேக்கறது?" என்று கேட்டிருக்கிறார். இந்த மாதம் ஒரு பையன் வந்தான். பணத்தை வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோயில் சேனல் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனானாம்.

முன்னாள் கேபிள்காரன்

குடியாத்தத்துப் பக்கம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா தம்பி. வைகாசி முதல் தேதி.

சோல்டரிங் அயர்ன்

அந்த டிவி ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணா. பேட்டரியைக் கழற்றி பீரோவில் வையுங்கள். அப்டேட் வந்து முகப்புப் பக்கம் திரும்ப முளைத்தால் அதுதான் வேண்டும்.